கே: ஓர் எழுத்து, ஒரு சொல், ஓயாத சந்தேகங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி எதையாவது தமிழில் வாசிப்போம். ஓய்வு பெற்ற ஆசிரியர், ஐ.டி. பிள்ளைகள், மர்ஃபி டவுனிலிருந்து வரும் ஒரு டெய்லர் என்று கலவையான கூட்டம். எனக்கு மொழிபெயர்ப்புதான் பிழைப்பு. நான் கே என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் இந்தச் சொல்லைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அது என் தலையில்தான் விழும். நேரிலும் வாட்ஸப்பிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கே என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஆண் மீது காதலும் ஈர்ப்பும் கொள்கிற ஆண். அவ்வளவுதான். அவர் எப்படி நடப்பார், என்ன சட்டை போடுவார், சமைப்பாரா என்பதற்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு ரசம்கூட ஒழுங்காக வைக்க வராது.

தமிழில் எழுதினால் ஆங்கில எழுத்து 'கே' மாதிரியே இருக்கிறதே?

இருக்கிறது, அதுதான் வம்பு. கே.ஆர். புரம், கே.ஆர். மார்க்கெட், கே.ஜி.எஃப். என்று எங்கள் ஊரில் பாதிப் பலகைகள் அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. கன்னடத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு, குழப்பமே வராது. தமிழில் ககரம் ஒன்றே எல்லா வேலையையும் பார்க்கிறது. இடத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். 'பஸ்' என்று எழுதிவிட்டு நாம் சரியாக உச்சரிப்பதில்லையா, அப்படித்தான் இதுவும்.

இது எங்கிருந்து வந்த சொல்?

பழைய பிரெஞ்சு. அங்கிருந்து ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்துக்குள் வந்தது. பொருள்: உற்சாகமான, குதூகலமான, பளிச்சென்ற நிறமுள்ள. பூ கே, பாட்டு கே, திருவிழாவுக்கு உடுத்தும் துணி கே. அதன் பெயர்ச்சொல் வடிவத்தை நம் தாத்தாக்கள் வாயாரச் சொல்லியிருக்கிறார்கள். சென்னையில் ரகுபதி வெங்கையா 1914இல் கட்டிய சினிமா கொட்டகையின் பெயர் கெயிட்டி. 'குதூகலம்' என்று பெயர் வைத்த தியேட்டர் அது. மும்பை பாந்த்ராவிலும் ஒரு கெயிட்டி உண்டு. டிக்கெட் வாங்கிய யாருக்கும் வேறு எந்த நினைப்பும் வந்திருக்காது.

சந்தோஷம் என்ற பொருள் எப்படி இப்படி மாறியது?

ஒரே நாளில் மாறவில்லை, ஆணையிட்டு மாற்றியவரும் யாரும் இல்லை. தமிழில் 'நாற்றம்' என்ற சொல்லுக்கு நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். நறுமணமாக இருந்தது கெட்ட வாடையாகப் போனது. 'கே' போன பாதையில் இன்னும் கொஞ்சம் வளைவுகள்.

17ஆம் நூற்றாண்டில் குதூகலத்தோடு ஒரு கண்சிமிட்டலும் சேர்ந்தது. கவலையில்லாமல் சுகம் தேடித் திரிகிறவன், வீட்டுக்கு அடங்காதவன் என்ற வாடை. நம் ஊரில் ஒருவரை 'ஜாலிப் பேர்வழி' என்று இழுத்துச் சொல்லும்போது அதில் பாராட்டு எவ்வளவு, பழிப்பு எவ்வளவு என்று பிரிக்க முடியாதே, அந்த மாதிரி. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'கே பெண்' என்றால் பாலியல் தொழில் செய்பவர், 'கே வீடு' என்றால் அந்தத் தொழில் நடக்கும் வீடு. அமெரிக்காவில் ஊர் ஊராய் ரயிலேறித் திரிந்த நாடோடித் தொழிலாளர்களின் பேச்சில், பெரியவன் ஒருவனோடு ஒட்டிக்கொண்டு திரியும் இளையவனுக்கு 'கேகேட்' என்று பெயர். கேட் என்றால் பூனை.

இந்த ஓடைகளில் எது எதில் கலந்தது என்பதில் அகராதிக்காரர்களுக்குள் வாக்குவாதம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், ஆணை விரும்பும் ஆண்கள் தங்களுக்குள் ஒரு சங்கேதமாக இதைப் புழங்கினார்கள் என்பதில் சந்தேகமில்லை. வெளியாள் காதில் அது வெறும் 'சந்தோஷம்'. உள்ளாள் காதில் வேறு. 1938இல் வந்த 'பிரிங்கிங் அப் பேபி' படத்தில் பெண்ணின் மேலங்கியை மாட்டிக்கொண்டு நிற்கும் கேரி கிராண்ட் இந்தச் சொல்லைச் சொல்வார். எந்தப் பொருளில் சொன்னார் என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சங்கேதத்துக்கு வேண்டியதே அந்தச் சந்தேகம்தானே.

சங்கேதம் கோஷமானது 1969இல். ஜூன் 28 அதிகாலை நியூயார்க்கில் ஸ்டோன்வால் என்ற மதுக்கூடத்துக்குள் போலீஸ் நுழைந்தது. வழக்கமாகத் தலை குனிந்து வேனில் ஏறுகிறவர்கள் அன்று திருப்பி அடித்தார்கள். அடுத்த சில வாரங்களில் உருவான அமைப்பு தன் பெயரிலேயே 'கே' என்று வைத்துக்கொண்டது. அதற்கு முந்தைய சங்கங்கள் பெரும்பாலும் சுற்றி வளைத்த, மரியாதையான பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டவை. பத்திரிகைகள் மெதுவாகத்தான் வந்தன. நியூயார்க் டைம்ஸ் தன் செய்திகளில் இந்தச் சொல்லைச் சகஜமாக அனுமதித்தது 1987இல்தான்.

'குட் ஆஸ் யூ' என்பதன் முதலெழுத்துகள்தான் கே என்று படித்தேனே?

'உனக்கு நான் குறைந்தவன் இல்லை' என்ற அந்த விரிவு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிறந்து பல நூறு வருடம் கழித்து, சொல்லுக்குப் பின்னாலிருந்து ஒட்டவைத்தது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: பெங்களூரில் 1994இல் தொடங்கிய ஓர் ஆதரவுக் குழு இந்த விரிவையே தன் பெயராக வைத்துக்கொண்டது. இந்தியாவின் பழைய குழுக்களில் அதுவும் ஒன்று. ஆகவே சொல்லின் வரலாறாகப் பார்த்தால் பொய், எங்கள் ஊரின் வரலாறாகப் பார்த்தால் மெய்.

'ஹோமோ' என்று சொல்வதில் என்ன தப்பு? அறிவியல் சொல்தானே?

முழுச் சொல்லான 'ஹோமோசெக்சுவல்' அச்சில் வந்தது 1869இல். உருவாக்கியவர் கெர்ட்பெனி என்ற ஹங்கேரிய எழுத்தாளர். பிரஷ்யாவில் இத்தகைய ஆண்களைத் தண்டிக்கும் சட்டம் கூடாது என்று எழுதிய துண்டுப் பிரசுரத்தில் அதைப் பயன்படுத்தினார். அதாவது, காப்பாற்ற வந்த சொல். பிறகு மருத்துவர்கள் கையில் சிக்கி, நோயின் பெயர் ஆகிவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும் உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றும் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. சொல்லில் ஆஸ்பத்திரி வாடை மட்டும் போகவில்லை.

இது அகராதிக் கதை. ஹாஸ்டல் கதை வேறு. நான் படித்த கல்லூரி விடுதியில் எவனாவது இன்னொருவன் தோளில் கை போட்டால், 'டேய், ஹோமோவாடா நீங்க?' என்று வராந்தா முழுக்கக் கேட்கும். யாரும் கேள்வியாகக் கேட்டதில்லை, கல்லாகத்தான் எறிந்தார்கள். என் அறைக் கதவில் ஒரு முறை சாக்பீஸால் எழுதியிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். காய்ந்ததும் எழுத்து மறுபடி தெரிந்தது. அதனால் அந்தப் பாதிச் சொல்லை என்னிடம் யாரும் அறிவியல் என்று சொல்லி விற்க முடியாது.

சரி, தமிழில் என்னதான் சொல்வது?

என்னை மிகவும் அலைக்கழித்த கேள்வி இது. கடையில் இருப்பதை எல்லாம் எடுத்துப் பரப்புகிறேன்.

ஓரினச்சேர்க்கை: செய்தித்தாள் சொல். எல்லோருக்கும் புரியும். ஆனால் 'சேர்க்கை' என்றால் ஒன்று படுக்கை, இல்லையென்றால் காலேஜ் அட்மிஷன். 'மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது' என்ற போர்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஒருவர் யாரை நினைத்து ஏங்குகிறார், யாரோடு ஒரே வீட்டில் வயதாக விரும்புகிறார் என்பதை எல்லாம் ஒரே ஒரு செயலுக்குள் அடைத்துவிடுகிறது இந்தச் சொல். ஆண் பெண் கல்யாணத்தை யாராவது 'ஈரினச்சேர்க்கை' என்று பத்திரிகை அடிக்கிறார்களா? சென்னையில் ஒரு குழு அதன் முதல் பாதியை மட்டும் எடுத்து 'ஓரினம்' என்று பெயர் வைத்துக்கொண்டது. கெட்டிக்காரத்தனம்.

தன்பாலீர்ப்பு: இப்போது மரியாதையாக எழுத நினைப்பவர்கள் எழுதுவது. நானும் எழுத்தில் இதைத்தான் பயன்படுத்துகிறேன். செயலை விட்டு ஈர்ப்புக்கு வந்தது பெரிய முன்னேற்றம். குறை என்னவென்றால், பழந்தமிழ் தெரிந்த ஆசிரியர் ஒருவர் கேட்டார்: 'தன்பால் என்றால் தன்னிடம் என்றும் பொருள் ஆயிற்றே தம்பி, தன்மீதே ஈர்ப்பா?' பதில் சொல்ல முடியவில்லை. எங்களில் சிலருக்கு அதுவும் பொருந்தும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மகிழ்வன்: ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளைப் பிடித்துச் செய்தது. இணையத்தில் பார்க்கலாம், தெருவில் கேட்டதில்லை. மகிழன், இனியன் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் காலம் இது. 'நான் மகிழ்வன்' என்றால், 'நல்ல பெயர், வீட்டில் வைத்ததா?' என்பார்கள்.

நம்பி: அழகான சொல். நங்கை, நம்பி, ஈரர், திருனர் என்று ஒரு வரிசையும் புழக்கத்தில் உண்டு. ஆனால் 'திருநம்பி' வேறு ஒருவரைக் குறிக்கிறது: பெண் என்று வளர்க்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்கிறவர். மேலும் 'உன்னை நம்பி வந்தேன்' என்ற வாக்கியம் ஆபத்தான வாக்கியமாகிவிடும்.

பால்புதுமையர்: இது கே மட்டும் இல்லை, லெஸ்பியன், திருநர் என்று எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் 'க்வியர்' என்ற பெரிய குடைக்கு.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பு சொன்னார். வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கு. இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை, கற்றுக்கொள்ள வேண்டும் என்று தானே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தவர் அவர். அந்த வழக்கு நீண்டதில், மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. ஒரு சொல்லுக்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்று எரிச்சல்படலாம். நான் படவில்லை. மொழிபெயர்ப்பாளனுக்கு அரசிதழே கையில் கிடைத்தால் கசக்குமா?

பேச்சில்? 'கே' என்றே சொல்கிறேன். தமிழாகிவிட்டது என்பதே என் கட்சி. பஸ், காபி எல்லாம் ஆன மாதிரி.

பன்மையில் எப்படி எழுதுவது?

தயவுசெய்து 'கேஸ்' என்று எழுதாதீர்கள். அது சிலிண்டர், இல்லையென்றால் கோர்ட். (2018 வரை கோர்ட் கேஸாகத்தான் இருந்தோம் என்பது தனி.) 'கேக்கள்' என்றால் பேக்கரி. 'கே ஆண்கள்' போதும். கே என்பதை ஓர் அடைமொழியாக வைத்து, பின்னால் ஆண், இளைஞர், எழுத்தாளர் என்று மனிதரைச் சேர்த்துவிட்டால் இலக்கணமும் சரியாகிவிடும், மனிதரும் காணாமல் போகமாட்டார்.

பெண்களுக்கும் கே என்று சொல்வார்களா?

ஆங்கிலத்தில் உண்டு. நடிகை எலன் டிஜெனரஸ் 1997இல் டைம் பத்திரிகை அட்டையில் தன்னைச் சொல்லிக்கொண்டது 'கே' என்றுதான். இங்கே பெரும்பாலும் ஆண்களுக்கே. பெண்களுக்கு லெஸ்பியன் என்பார்கள். சாஃபோ என்ற கிரேக்கப் பெண் கவி வாழ்ந்த லெஸ்போஸ் தீவிலிருந்து வந்த பெயர்.

திருநங்கையும் கேயும் ஒன்றா?

இல்லை. 'நான் யார்' என்பது ஒரு கேள்வி, 'யாரைப் பிடிக்கும்' என்பது வேறு கேள்வி. திருநங்கை தன்னைப் பெண்ணாக உணர்கிறவர். நான் என்னை ஆணாகத்தான் உணர்கிறேன்.

ஆனால் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வளர்ந்தவர்கள் இவ்வளவு நேர்க்கோடாகப் பேசமாட்டார்கள். அங்கே புழங்குவது கோதி, பந்தி, டபுள் டெக்கர் என்ற சொற்கள். பெண்மைச் சாயலோடு ஆண்களை நாடுபவர் கோதி. அவர் நாடும், ஆண்மையான தோரணையுள்ளவர் பந்தி. டபுள் டெக்கருக்கு விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன், பழைய மாடி பஸ் ஏறியவர்களுக்குப் புரியும். கோதிகளில் சிலர் பின்னாளில் திருநங்கைகளாக வாழ்கிறார்கள், சிலர் கல்யாணம் செய்து பிள்ளை பெற்று இருக்கிறார்கள். இவர்களில் பலர் தங்களை 'கே' என்று சொல்லிக்கொள்வதே இல்லை. 'அது எம்.ஜி. ரோட்ல காபி குடிக்கிறவங்க பேரு' என்று ஒருவர் சொன்னார். நானும் எம்.ஜி. ரோட்டில் காபி குடிக்கிறவன்தான். கொஞ்சம் சுருக்கென்றது.

அப்படியானால் இது மேற்கத்திய இறக்குமதி என்பது சரிதானே?

சொல் இறக்குமதி, மனிதர்கள் உள்ளூர். இன்னொன்றும் இறக்குமதிதான்: 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு. 'இயற்கைக்கு மாறான' உறவுக்கு ஆயுள் தண்டனைவரை போகலாம் என்றது அது. சொல்லை அந்நியம் என்று விரட்டுகிறவர்கள் அந்தச் சட்டத்தை மட்டும் நம் பண்பாடு என்று கட்டிப்பிடித்துக்கொண்டதுதான் வேடிக்கை.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்கிறேன். மனக்கணக்கில் உலகப் புகழ் பெற்ற சகுந்தலா தேவி பெங்களூரில் பிறந்தவர். 1977இலேயே இந்த மனிதர்களைச் சந்தித்துப் பேசி, அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். கணக்குப் புத்தகங்கள் விற்றன, அதைக் கண்டுகொண்டவர்கள் குறைவு. 1990இல் மும்பையிலிருந்து அசோக் ராவ் கவி 'பாம்பே தோஸ்த்' என்ற கே இதழைத் தொடங்கினார். 2008 ஜூனில் பெங்களூர், டெல்லி, கொல்கத்தா மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் எங்களவர்களின் பேரணி நடந்தது. பெங்களூரின் முதல் பேரணி அதுதான்.

சட்டப்படி இப்போது என்ன நிலை?

வேகமாகச் சொல்கிறேன், ஏற்ற இறக்கம் அதிகம். 2009 ஜூலை 2: டெல்லி உயர்நீதிமன்றம் 377இன் பிடியைத் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11: உச்சநீதிமன்றம் திரும்ப இறுக்கியது. 2017 ஆகஸ்ட் 24: தனியுரிமை அடிப்படை உரிமை என்ற தீர்ப்பு. ஆதாருக்கு எதிராக அந்த வழக்கைப் போட்டவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் இருந்து ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி. அதில் எங்களைப் பற்றியும் நல்ல வார்த்தை இருந்தது. 2018 செப்டம்பர் 6: வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல. 2023 அக்டோபர் 17: திருமணம் செய்யும் உரிமையை நீதிமன்றம் தர மறுத்தது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 377க்கு இணையான பிரிவே இல்லை. ஆக, குற்றவாளி இல்லை, கணவனும் இல்லை. இருவர் சேர்ந்து வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம். வீட்டுக்காரர் 'ரெண்டு பேரும் கசினா?' என்று கேட்டால் என்ன சொல்வது என்பதற்குத் தீர்ப்பில் எதுவும் இல்லை.

பழைய பெயர்களில் 'கே' வருகிறதே, அதையெல்லாம் என்ன செய்வது?

அப்படியே விடுவது. வாயுக்களைப் பற்றி பள்ளியில் படித்த கே-லுசாக் விதி ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வகுப்பில் அந்தப் பாடம் நடந்த வாரம் முழுக்கக் கடைசி பெஞ்ச் சிரித்தது. நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். சந்தேகம் வரக் கூடாதே.

மனிதன்தான் சிரிக்கிறான் என்றில்லை, இயந்திரமும் தடுமாறும். 2008இல் ஓர் அமெரிக்கச் செய்தித் தளம், இந்தச் சொல் எங்கே வந்தாலும் தானாகவே 'ஹோமோசெக்சுவல்' என்று மாற்றும்படி வைத்திருந்தது. ஓட்டப்பந்தய வீரர் டைசன் கே ஜெயித்த அன்று, 'டைசன் ஹோமோசெக்சுவல்' முதலிடம் என்று செய்தி வந்தது. ஹிரோஷிமாவில் குண்டு போட்ட விமானத்துக்கு விமானி வைத்தது தன் அம்மாவின் பெயர், எனோலா கே. 2025இல் அமெரிக்க ராணுவம் நீக்கக் குறித்து வைத்த படங்களின் பட்டியலில் அந்த விமானமும் இருந்ததாகச் செய்தி வெளியானது.

ஒருவரிடம் 'நீங்க கேயா?' என்று நேரடியாகக் கேட்கலாமா?

வேண்டாம். சம்பளம் எவ்வளவு என்றே கேட்கக் கூடாது என்கிறோம்.

'கமிங் அவுட்' என்கிறார்களே, அது?

இதுவரை மூடி வைத்ததை வெளியே சொல்வது. எங்கள் ஏரிக்கரை வள்ளுவர் சிலை 1991இல் தயாராகி, மொழிச் சண்டையால் 18 வருடம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. எனக்கு அவரைவிடக் கூடுதலாக ஆனது.

வீட்டில், தமிழ் மட்டுமே தெரிந்த அம்மாவிடம் எந்தச் சொல்லைச் சொல்வது?

எல்லாக் கேள்விகளும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். என் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஜனவரி மாதம், அவரைக்காய் சீசன். அம்மா முறத்தைப் போட்டு, ஊறவைத்த கொட்டைகளைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓர் அழுத்து, பருப்பு தோலை விட்டுத் துள்ளிக் கிண்ணத்தில் விழும். நான் எதிரில் உட்கார்ந்து, "அம்மா, நான் கே" என்றேன். பல வருடம் இந்தச் சொல்லை வீட்டுக்குள் தைரியமாகப் போனில் பேசியிருக்கிறேன், அவருக்குப் புரியாது என்பதாலேயே. இப்போது அதே காரணத்துக்காக அது உதவவில்லை.

"எந்தக் கே?" என்றார், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

தன்பாலீர்ப்பு என்று சொல்லிப் பார்த்தேன். "பாலா?" என்றார். ஓரினச்சேர்க்கை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது, அதை அம்மா முன்னால் உச்சரிக்க முடியவில்லை. அப்புறம் சொல் எதுவும் இல்லாமல் சொன்னேன்: "எனக்குப் பொண்ணுங்க மேல மனசு போகாதும்மா. பசங்க மேலதான் போகும். சின்ன வயசுலேர்ந்தே."

பிதுக்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது. அன்று ராத்திரி சாப்பிடும்போதும் எதுவும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. நான் வேலைக்குக் கிளம்பும்போது மட்டும் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தார், வழக்கம் போல.

மூன்று வாரம் கழித்து, வேலூரிலிருந்து அத்தை போன் செய்தார். ஏதோ ஒரு பெண்ணின் ஜாதகம். அம்மா ஹாலில் நின்று பேசினார், நான் உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். என் பட்டியலில் இருந்த எந்தச் சொல்லும் அவர் வாயில் வரவில்லை. "இல்ல அண்ணி, அவன் சமாச்சாரம் வேற. இனிமே ஜாதகம் அனுப்பாதீங்க" என்றார். அத்தை அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, "வேறன்னா வேறதான்" என்று கொஞ்சம் குரலை உயர்த்திச் சொல்லிவிட்டு, அங்கே மழை உண்டா என்று கேட்க ஆரம்பித்தார்.